மரத்தில் கட்டிய கேமரா: முண்டந்துறைக் காட்டிலிருந்து நாளைய டிஜிட்டல் கேமரா வரை

டிஜிட்டல் கேமராவின் எதிர்காலம் பற்றி எழுதப் போகிறேன் என்றதும் என் அறைத் தோழன் கேட்ட முதல் கேள்வி, "இன்னும் எத்தனை மெகாபிக்சல் வரும்?" என்பதுதான். எல்லோரும் அதைத்தான் கேட்கிறார்கள். நானும் கொஞ்ச நாள் முன்பு வரை அப்படித்தான் நினைத்திருந்தேன். காரையாறு போய் வந்த பிறகு அந்த எண்ணம் மாறிவிட்டது.

சொரிமுத்து அய்யனார் கோயிலுக்குப் பெரியப்பாவோடு போயிருந்தேன். பாபநாசம் சோதனைச் சாவடி தாண்டி, முண்டந்துறை தாண்டி, கோயிலில் கும்பிட்டுவிட்டு ஆற்றோரமாகச் சும்மா நடந்தோம். ஒரு மரத்தில் முழங்கால் உயரத்தில் பச்சை நிறத்தில் ஒரு பெட்டி. வாரால் இறுக்கிக் கட்டி, பூட்டும் போட்டிருந்தார்கள். எதிர்ப்பக்க மரத்திலும் அதே மாதிரி இன்னொன்று. நான் குனிந்து பார்த்தேன்.

"ஏலே, மூஞ்சிய காட்டிக்கிட்டு நிக்காத. அது கேமராலே. புலி கணக்குக்கு வச்சிருக்காவ."

"யாரு பெரியப்பா படம் எடுப்பா? ஆளே இல்லையே?"

"ஆளு எதுக்குலே? நீ நடந்தா அதுவே எடுத்துக்கிடும்."

ஆள் இல்லாமல் படம் எடுக்கும் பெட்டி! ஊருக்கு வந்து படிக்கப் படிக்க ஒன்று புரிந்தது. நம்ம திருநெல்வேலிக் காட்டில் கேமராவின் வரலாறு என்பது, கேமராவுக்குப் பின்னால் நின்ற மனிதன் படிப்படியாக விலகிப் போன வரலாறு. அடுத்து வரப் போகும் மாற்றமும் அந்த வழியில்தான். மெகாபிக்சல் எல்லாம் அதில் ஒரு சின்ன விஷயம்.

முதலில் கேமராவைக் கையில் பிடித்த ஒருவரிடமிருந்து தொடங்குவோம். மா. கிருஷ்ணன். 1912 ஜூன் 30-இல் திருநெல்வேலியில் பிறந்தவர். 'பத்மாவதி சரித்திரம்' எழுதிய அ. மாதவையாவின் கடைசிப் பிள்ளை. இந்தியாவின் மிகப் பெரிய இயற்கை எழுத்தாளர்களில் ஒருவர். 1950 முதல் 1996-இல் இறக்கும் வரை 'ஸ்டேட்ஸ்மன்' பத்திரிகையில் விடாமல் பத்தி எழுதினார். தமிழிலும் எழுதியிருக்கிறார், தியடோர் பாஸ்கரன் தொகுத்த 'மழைக்காலமும் குயிலோசையும்' புத்தகம் கிடைத்தால் படித்துப் பாருங்கள்.

அவருடைய கேமராதான் வேடிக்கை. ஒரு கம்பெனியின் உடல், இன்னொரு கம்பெனியின் லென்ஸ், அங்கங்கே தானே செய்து பொருத்திய பாகங்கள். எல்லாம் சேர்ந்து ஒரு பெரிய கனமான உருப்படி. அதற்கு 'சூப்பர் பாண்டெரோசா' என்று அவரே பெயரும் வைத்திருந்தார். அதைத் தூக்கிக்கொண்டு, நடந்தும் யானை மேல் ஏறியும், யானைகளையும் காட்டு மாடுகளையும் படம் எடுத்தார். கலர் ஃபிலிம் வந்த பிறகும் கறுப்பு வெள்ளையை விடவில்லை. 1960-களில் தென்னிந்தியக் காடுகளின் பெரிய விலங்குகள் எப்படி இருந்தன என்று அவர் செய்த ஆய்வை பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகம் 1975-இல் புத்தகமாக வெளியிட்டது. 1970-இல் பத்மஸ்ரீ கிடைத்தது. அவர் எடுத்த ஒவ்வொரு படத்துக்கும் பின்னால் அவரே நின்றார், அதாவது விலங்குக்குப் பக்கத்தில். விலங்கு எந்த மனநிலையில் இருக்கிறது, இன்னும் ஒரு அடி வைக்கலாமா கூடாதா என்பதையெல்லாம் கேமரா சொல்லாது. கிருஷ்ணன்தான் முடிவு செய்ய வேண்டும்.

ஆள் இல்லாமல் படம் எடுக்கும் யோசனை கிருஷ்ணனுக்கும் முந்தியது. அமெரிக்காவில் ஜார்ஜ் ஷைராஸ் என்பவர் 19-ஆம் நூற்றாண்டின் இறுதியிலேயே கயிறு கட்டி, மான் அதில் இடறினால் வெளிச்சம் வெடித்துப் படம் பதியும்படி செய்தார். 1906 ஜூலை 'நேஷனல் ஜியாக்ரஃபிக்' இதழ் அவருடைய படங்களை 74 என்ற கணக்கில் வெளியிட்டது. இந்தியாவில் அதைப் புலிக்குச் செய்தவர் எஃப்.டபிள்யூ. சாம்பியன் என்ற வனத்துறை அதிகாரி. வட இந்தியக் காடுகளில், 1920-களில். அவருடைய புத்தகம் 1927-இல் வந்தது. ஒவ்வொரு புலியின் வரியும் வேறு வேறு, வரியை வைத்தே இது எந்தப் புலி என்று சொல்லிவிடலாம் என்பதை அவர் படங்கள் காட்டின. இதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.

ஆனால் புலியை எண்ணுவதற்குப் பல ஆண்டுகள் யாரும் கேமராவைப் பயன்படுத்தவில்லை. காலடித் தடத்தைத்தான் நம்பினார்கள். 1966-இல் ஒரிசாவில் சௌத்ரி என்ற வன அதிகாரி உருவாக்கிய முறை அது. புலியின் தடத்தின் மேல் கண்ணாடியை வைத்து வரைந்து கொள்வது, பிளாஸ்டர் ஆஃப் பாரிஸ் ஊற்றி அச்சு எடுப்பது, பிறகு எல்லா அச்சையும் ஒப்பிட்டு எத்தனை புலி என்று சொல்வது.

நம் பக்கம் 1962-இல் முண்டந்துறை சரணாலயம் ஆனது; 1976-இல் களக்காடு சரணாலயம் வந்தது, முக்கியமாகச் சிங்கவால் குரங்குக்காக. இரண்டையும் சேர்த்து 1988-இல் களக்காடு முண்டந்துறை புலிகள் காப்பகம் ஆக்கினார்கள். தமிழ்நாட்டின் முதல் புலிகள் காப்பகம் இதுதான். சுமார் 900 சதுர கிலோமீட்டர். தாமிரபரணி, சேர்வலாறு, மணிமுத்தாறு, பச்சையாறு என்று நாம் குடிக்கிற தண்ணீர் எல்லாம் இங்கிருந்துதான் இறங்கி வருகிறது.

என் பெரியப்பா கல்லூரியில் படித்த காலத்தில் இந்தக் கணக்கெடுப்புக்குத் தன்னார்வலராகப் போயிருக்கிறார். ஒரு வாரம் காட்டில். "புலிய பாத்தீங்களா பெரியப்பா?" என்று சின்ன வயதில் நான் கேட்காத நாளில்லை. "புலியும் பாக்கல, தடமும் பாக்கல. அட்டதான் பாத்தேன். கால் பூரா ரத்தம்" என்பார். இதில் ஒரு உண்மை இருக்கிறது. மணல் பாதையில், வறண்ட காட்டில் தடம் தெளிவாக விழும். மழைக்காட்டில் தரை முழுக்கச் சருகு. தடம் எங்கே விழும்? அதோடு ஒரே புலியின் கால் ஈர மண்ணில் ஒரு மாதிரியும், சரிவில் வேறு மாதிரியும் பதியும். இரண்டு அச்சைப் பார்த்து "இரண்டு புலி" என்று எழுதிவிட எவ்வளவு வாய்ப்பு!

அதற்கான விலை 2004–05-இல் தெரிந்தது. ராஜஸ்தானில் சரிஸ்கா காப்பகத்தில் ஒரு புலி கூட இல்லை என்பது வெளியே வந்தது. காகிதத்தில் புலிகள் இருந்தன, காட்டில் இல்லை. நாடே அதிர்ந்தது. 2006 கணக்கெடுப்பு புது முறைக்கு மாறியது. அந்த ஆண்டு வந்த எண்ணிக்கை 1,411.

புது முறையின் அடிப்படையை கர்நாடகத்தில் நாகரஹொளே காட்டில் உல்லாஸ் கரந்த் ஏற்கனவே செய்து காட்டியிருந்தார். அவருடைய கட்டுரை 1995-இல் வந்தது. ரொம்ப எளிமையான கணக்குதான். நம்ம ஆற்றில் ஒரு கசத்தில் எத்தனை மீன் இருக்கிறது என்று தெரிய வேண்டும் என வைத்துக்கொள்வோம். வலை போட்டு 20 மீன் பிடித்து, வாலில் ஒரு அடையாளம் போட்டுத் திரும்ப விடுகிறோம். அடுத்த நாள் மறுபடி 20 பிடிக்கிறோம். அதில் 5 மீனுக்கு அடையாளம் இருக்கிறது. அப்படியென்றால் அடையாளம் போட்டவை மொத்தத்தில் கால்வாசி. மொத்தம் சுமார் 80 மீன். முடிந்தது! புலிக்கு நாம் அடையாளம் போட வேண்டியதில்லை. சாம்பியன் காட்டியது போல வரியே அடையாளம். இடப்பக்க வரி வேறு, வலப்பக்க வரி வேறு என்பதால் இரண்டு பக்கமும் படம் வேண்டும். அதனால்தான் பாதைக்கு இரண்டு பக்கமும் எதிரெதிரே இரண்டு பெட்டி.

இந்த இடத்தில் நம் காட்டுக்கே உரிய ஒரு செய்தி இருக்கிறது. நிறைய பேருக்குத் தெரியாது. 1990-களில் களக்காடு மலையில் திவ்யா முடப்பா என்ற ஆய்வாளர் மழைக்காட்டின் சின்னச் சின்ன ஊனுண்ணிகளை ஆராய்ந்தார். அவற்றில் முக்கியமானது மேற்குத் தொடர்ச்சி மலையில் மட்டுமே வாழும் பழுப்பு மரநாய். இரவில்தான் வெளியே வரும், மரத்தின் மேலேயே இருக்கும், பழம் தின்று விதையைப் பரப்பும். நேரில் பார்ப்பது குதிரைக் கொம்பு. தானியங்கி கேமரா வைத்து இவற்றைக் கணக்கெடுப்பது பற்றி அவர் 1998-லேயே கட்டுரை வெளியிட்டிருக்கிறார். இந்தியாவில் இப்போது எல்லாக் காப்பகத்திலும் வைக்கிற பெட்டி, நம்ம மலையில் அத்தனை ஆண்டுகளுக்கு முன்பே, அதுவும் புலிக்கு இல்லாமல் மரநாய்க்கு வைக்கப்பட்டிருக்கிறது!

ஆனால் அது ஃபிலிம் காலம். ஒரு ரோலில் 36 படம். காற்றில் கிளை ஆடினாலோ, கருமந்திக் கூட்டம் ஒன்று முன்னால் விளையாடினாலோ 36-ம் ஒரே நாளில் தீர்ந்துவிடும். அதன் பிறகு புலியே வந்து நின்றாலும் பெட்டி குருடுதான். தென்மேற்குப் பருவமழை, வடகிழக்குப் பருவமழை இரண்டும் கொட்டுகிற மலை. ஈரத்தில் லென்ஸில் பூஞ்சை பிடிக்கும். யானை கண்டால் பிடுங்கிப் போட்டுவிடும். ரோலை எடுக்க ஒரு ஆள் மலை ஏற வேண்டும், கழுவ ஊருக்கு இறங்க வேண்டும். கழுவிப் பார்த்தால்தான் உள்ளே என்ன இருக்கிறது என்று தெரியும்.

(ஒரு இடைச்செருகல்: நம்ம தமிழ்நாட்டிலேயே ஃபிலிம் தயாரித்தார்கள் தெரியுமா? ஊட்டியில் 1960-இல் தொடங்கிய இந்துஸ்தான் போட்டோ ஃபிலிம்ஸ் என்ற மத்திய அரசு நிறுவனம். 1967-இல் உற்பத்தி. 'இந்து' என்ற பெயரில் விற்பனை. இந்து என்றால் நிலா. 1990-களில் நலிந்த நிறுவனமாகி, டிஜிட்டல் வந்ததும் எழவே முடியாமல் மூடப்பட்டுவிட்டது. ஜங்ஷன் பக்கம் ஸ்டுடியோக்களில் இருட்டறையில் படம் கழுவியவர்கள் இப்போது என்ன செய்கிறார்கள் என்பதே தனிக் கட்டுரைக்கான விஷயம்.)

சரி, ஃபிலிமைக் கொன்ற சென்சாரின் கதையைச் சுருக்கமாகப் பார்த்துவிடுவோம். 1969-இல் அமெரிக்காவின் பெல் ஆய்வகத்தில் வில்லார்ட் பாயில், ஜார்ஜ் ஸ்மித் இருவரும் சி.சி.டி. என்ற சில்லைக் கண்டுபிடித்தார்கள். ஒளி பட்டால் சிலிக்கானில் மின்னூட்டம் சேரும். அதை வரிசை வரிசையாக வெளியே தள்ளி எண்ணாக மாற்றலாம். கிணற்றில் வாளி கைமாற்றி இறைப்பது போல. 2009-இல் இதற்கு நோபல் பரிசு. 1975-இல் கோடாக் நிறுவனத்தின் பொறியாளர் ஸ்டீவன் சாசன் முதல் டிஜிட்டல் கேமராவைச் செய்தார். எடை மூன்றரைக் கிலோவுக்கு மேல். படத்தில் மொத்தமே 10,000 புள்ளிகள். ஒரு படத்தை கேசட்டில் பதிய 23 விநாடி. 1976-இல் அதே கோடாக்கின் பிரைஸ் பேயர், சிவப்பு பச்சை நீல வடிகட்டிகளைச் சென்சார் மேல் கட்டம் கட்டமாக வைக்கும் முறைக்குக் காப்புரிமை பெற்றார். இன்றும் உங்கள் செல்போனில் கலர் அப்படித்தான் வருகிறது. 1990-களில் நாசாவின் ஜெட் உந்துவிசை ஆய்வகத்தில் எரிக் ஃபாஸம் உருவாக்கிய சீமாஸ் சென்சார், மின்சாரத்தை மிகக் குறைவாகக் குடித்தது. அதனால்தான் செல்போனுக்குள்ளும், காட்டுப் பெட்டிக்குள்ளும் கேமரா நுழைய முடிந்தது. முதல் டிஜிட்டல் கேமராவைச் செய்த கோடாக் 2012-இல் திவால் பாதுகாப்பு கேட்டு நீதிமன்றம் போனது. விதி!

டிஜிட்டல் வந்ததும் காட்டில் எல்லாம் தலைகீழானது. 36 படம் என்பது ஆயிரக்கணக்கில் போனது. பெட்டிக்கு முன்னால் சூடான உடல் ஒன்று நகர்ந்தால் அகச்சிவப்பு உணரி விழிக்கும், ஒரு நொடிக்குள் படம் பதியும். சிலிக்கான் சென்சாருக்கு நம் கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பும் தெரியும். சாதாரண கேமராவில் அதைத் தடுக்க ஒரு வடிகட்டி இருக்கும். காட்டுக் கேமராவில் இரவில் அந்த வடிகட்டி விலகிக்கொள்ளும். எந்த வெளிச்சமும் அடிக்காதது போலவே அகச்சிவப்பில் படம் எடுக்கலாம். அப்படி எடுத்த படம் கறுப்பு வெள்ளையில்தான் இருக்கும். கிருஷ்ணன் பார்த்திருந்தால் சந்தோஷப்பட்டிருப்பார் என்று நினைக்கிறேன்! (ஆனால் ஓடுகிற புலியின் வரி அகச்சிவப்பில் கலங்கலாக விழுவதால், வரி தெளிவாகத் தெரிய வெள்ளை ஃபிளாஷ் உள்ள பெட்டிகளையும் பயன்படுத்துகிறார்கள்.)

இப்போது எண்ணிக்கையைப் பாருங்கள். 2018 அகில இந்தியக் கணக்கெடுப்பில் 26,838 இடங்களில் கேமரா வைத்தார்கள். விழுந்த படங்கள் 3,48,58,623. உலகிலேயே மிகப் பெரிய கேமரா கணக்கெடுப்பு என்று கின்னஸில் ஏறியது. அதில் புலி இருந்த படங்கள் 76,651 மட்டுமே. அதாவது சுமார் 455 படத்துக்கு ஒன்று. மீதியில் சிறுத்தை, மிளா, பன்றி, யானை எல்லாம் இருக்கும். ஒரு படத்துக்கு ஒரு விநாடி என்று தூங்காமல் பார்த்தால் கூட 403 நாள் ஆகும். 2022-இல் இடங்கள் 32,588, படங்கள் 4 கோடியே 70 லட்சத்துக்கு மேல்.

கிருஷ்ணன் கேமராவைத் தூக்கிக்கொண்டு விலங்கைத் தேடிப் போனார். டிஜிட்டல் பெட்டி வந்ததும் படம் எடுக்க மனிதன் தேவையில்லை. இப்போது படத்தைப் பார்க்கவும் மனிதனால் முடியாது! ஆகவே 2018 கணக்கெடுப்பிலேயே படங்களைக் கம்ப்யூட்டரே பிரித்தது: இது மிளா, இது பன்றி, இது புலி என்று. புலி என்றால் இன்னொரு மென்பொருள் அதன் உடலை முப்பரிமாண உருவத்தின் மேல் போர்த்தி வரியை ஒப்பிடும். நம் கைரேகையை ஒப்பிடுவது போல.

அடுத்த கட்டம் என்ன? இங்கேதான் எதிர்காலம் வருகிறது. இதுவரை பெட்டி படத்தைச் சேர்த்து வைத்தது. மாதம் கழித்து ஆள் போய் அட்டையை எடுத்தால்தான் செய்தி தெரியும். மாதம் கழித்துத் தெரிந்து என்ன பயன்? 2024 மே மாதத்தில் பாபநாசத்தை அடுத்த வேம்பையாபுரம் பகுதியில் ஆடுகளைப் பிடித்த சிறுத்தைக்குக் கூண்டு வைத்துப் பிடித்தார்கள். சிவந்திபுரம், விக்கிரமசிங்கபுரம், கடையம் பக்கம் மலையடிவாரத்தில் இருப்பவர்களைக் கேளுங்கள். சிறுத்தை போன மாதம் வந்தது என்ற தகவல் அவர்களுக்கு வேண்டாம். இன்று ராத்திரி வருகிறதா என்பதுதான் வேண்டும்.

அதற்கு யோசிக்கும் சில்லைக் கேமராவுக்குள்ளேயே வைக்கிறார்கள். மத்தியப் பிரதேசத்தில் கான்ஹா, பெஞ்ச் காடுகளுக்கு இடையே அப்படிப்பட்ட கேமராக்களைச் சோதித்த முடிவுகள் 2023-இல் வெளிவந்தன. கேமராவே "இது புலி" என்று கண்டுபிடித்து, அந்தப் படத்தை மட்டும் ஒரு நிமிடத்துக்குள் வன அலுவலரின் போனுக்கு அனுப்பியது. நம் மாநிலத்திலேயே கோவை மதுக்கரையில் 2024 பிப்ரவரியில் ரயில் பாதையோரம் 12 கோபுரங்களில் வெப்பக் கேமராக்கள் வைத்தார்கள். யானை தண்டவாளத்தை நெருங்கினால் ரயில்வேக்கு உடனே செய்தி போகும். வெப்பக் கேமரா ஒளியைப் பார்ப்பதில்லை, உடல் சூட்டைப் பார்க்கிறது. சாதாரணக் கண்ணாடி அந்தக் கதிரைத் தடுத்துவிடும் என்பதால் அதன் லென்ஸைப் பெரும்பாலும் ஜெர்மானியத்தில் செய்கிறார்கள். விலை அதிகமாக இருப்பதற்கு அது ஒரு காரணம்.

இன்னும் இரண்டு வகைச் சென்சார்கள் வந்துகொண்டிருக்கின்றன. ஒன்று, ஒளியின் ஒவ்வொரு துகளையும் தனித்தனியாக எண்ணக்கூடியது. 2021-இல் கேனன் நிறுவனம் 32 லட்சம் புள்ளிகள் கொண்ட அப்படி ஒன்றை அறிவித்தது. இது மலிவானால் ஃபிளாஷ் இல்லாமலே நட்சத்திர வெளிச்சத்தில் கலர் படம் எடுக்கலாம். மரநாயின் கண்ணைக் கூச வைக்க வேண்டியதில்லை. இன்னொன்று எனக்கு மிகவும் பிடித்தது. நம் கண்ணின் விழித்திரையைப் பார்த்துச் செய்தது. கால்டெக்கில் மிஷா மஹோவால்டும் கார்வர் மீடும் 1991 வாக்கில் தொடங்கி வைத்த யோசனை. இதில் 'முழுப் படம்' என்ற ஒன்றே கிடையாது. ஒவ்வொரு புள்ளியும் தன் இடத்தில் வெளிச்சம் மாறினால் மட்டும் "மாறிவிட்டது" என்று சொல்லும். மாறாவிட்டால் சும்மா இருக்கும். காடு அசையாமல் இருக்கும் வரை மின்சாரச் செலவு மிகமிகக் குறைவு.

இங்கே ஒரு நடைமுறைச் சிக்கல் உண்டு. காரையாறுக்கு மேலே செல்போன் சிக்னலை நம்பிக் காரியம் செய்ய முடியாது. படத்தை எப்படி அனுப்புவது? மலைகளைத் தாண்டி வெகுதூரம் போகக்கூடிய, ஆனால் மிகக் குறைந்த தகவலை மட்டும் சுமக்கும் ரேடியோக்கள் இருக்கின்றன. அவற்றில் ஒரு படத்தை அனுப்புவது வண்டிமாட்டில் மலையை ஏற்றுவது போல. ஒரு வார்த்தையை அனுப்புவது சுலபம். "சிறுத்தை, ஒன்று, இரவு 9.40." இவ்வளவு போதும். அதாவது நாளைய கேமரா, படமே அனுப்பாத கேமராவாக இருக்கலாம். பார்த்துவிட்டு வார்த்தையாகச் சொல்லும். படத்தைச் சேர்த்து வைக்க வேண்டும் என்ற கட்டாயம் கூட இல்லை. 1975-இல் சாசன் செய்த பெட்டியிலிருந்து நாம் எங்கே வந்துவிட்டோம்!

இது முக்கியம் என்று எனக்கு ஏன் தோன்றியது என்றால், அன்று காரையாறில் ஒரு பெரியவரைச் சந்தித்தோம். காணிக்காரர். சின்னமயிலாறு, பெரியமயிலாறு, இஞ்சிக்குழி என்று அவர்கள் குடியிருப்புகள் காட்டுக்குள்ளேயே இருக்கின்றன. இவர்கள் நடக்கும் பாதையும் விலங்கு நடக்கும் பாதையும் ஒன்றுதான். மரத்தில் இருக்கும் பெட்டியைப் பற்றிக் கேட்டேன்.

"இருக்கு தம்பி, நெறைய இருக்கு. புலிக்கு வச்சிருக்காங்க, நல்லதுதான். ஆனா நாங்களும் அதே வழியிலதான போறோம். அந்தப் படம் எங்க போகுது?"

"தெரியலையே தாத்தா" என்றுதான் சொல்ல முடிந்தது. பெரியப்பாவும் பேசவில்லை.

வீட்டுக்கு வந்து தேடினேன். 2024-இல் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் கார்பெட் காப்பகத்தைப் பற்றி ஒரு கட்டுரை வெளியிட்டிருக்கிறார்கள். அந்தப் பகுதியில் 14 மாதம் தங்கி 270 பேரிடம் பேசியிருக்கிறார்கள். விறகும் புல்லும் எடுக்கக் காட்டுக்குப் போகும் பெண்களுக்கு அந்தக் காடு ஒரு நிம்மதியான இடமாக இருந்திருக்கிறது. பாட்டுப் பாடுவார்கள், வீட்டில் பேச முடியாததைப் பேசுவார்கள். கேமராவும் ட்ரோனும் வந்த பிறகு பாட்டும் பேச்சும் குறைந்துவிட்டது. சத்தம் குறைந்தால் புலியும் யானையும் எதிர்பாராமல் எதிரே வரும் அபாயம் அதிகம் என்பது அவர்கள் கவனித்த இன்னொன்று. எல்லாவற்றையும் விட மோசம், காட்டில் ஒதுங்கிய ஒரு பெண்ணின் படம் கேமராவில் விழுந்து, ஊருக்குள் போன்களில் பரவியிருக்கிறது. கோபத்தில் மக்கள் கேமராக்களை உடைத்திருக்கிறார்கள்.

நம் மலையில் அப்படி நடந்ததாக நான் எங்கும் படிக்கவில்லை. நடக்காமல் இருக்கட்டும். ஆனால் பெரியவரின் கேள்வி நியாயமானது. புலியை எண்ணுவதற்கு வைத்த பெட்டிக்குப் புலி யார், மனிதன் யார் என்று தெரியாது. சூடாக இருந்தால் போதும், எடுத்துவிடும். ஃபிலிம் காலத்தில் 36 படத்தில் இரண்டு மனிதப் படம் விழுந்தால் ஆய்வாளர் கிழித்துப் போட்டிருப்பார். இன்று லட்சக்கணக்கில் விழுகிறது. எத்தனை கை மாறும், எங்கே பிரதி எடுக்கப்படும் என்று யார் சொல்வது?

அதனால்தான் மெகாபிக்சலை விட, கேமராவுக்குள் உட்காரப் போகும் அந்த யோசிக்கும் சில்லு பெரிய விஷயம் என்கிறேன். "மனிதன்" என்று தெரிந்த நொடியே படத்தை அட்டையில் எழுதாமல் விட்டுவிடும்படி அதற்குச் சொல்லலாம். எண்ணிக்கை மட்டும் வேண்டுமென்றால் "மனிதர், இருவர்" என்று எழுதட்டும். அதே சில்லிடம் வேறு மாதிரியும் சொல்லலாம்: மனிதன் வந்தால் முகத்தைப் பெரிதாக்கி எடு, யார் என்று தேடு, உடனே அனுப்பு என்று. வேட்டைக்காரனைப் பிடிக்க அது தேவை என்பார்கள். உண்மையும்கூட. ஆனால் காணிக்குடியிருப்புப் பெண் விறகு எடுத்து வருவதும் வேட்டைக்காரன் துப்பாக்கி எடுத்து வருவதும் அந்தச் சில்லுக்கு வேறு வேறாகத் தெரியுமா? இந்த அமைப்பை யார் தேர்ந்தெடுப்பார்கள்? காட்டுக்குள் குடியிருப்பவர்களிடம் ஒரு வார்த்தை கேட்பார்களா? நான் கேட்டிருந்தால் நல்லது என்பேன். பெட்டியைக் கட்டப் போகும்போதே அந்தக் குடியிருப்பின் கிராம சபையில் வைத்து, எதை எடுக்கும், எதை அழிக்கும் என்று சொல்லிவிட்டுக் கட்டினால் என்ன குறைந்துவிடும்?

நாங்குநேரிக்காரரான ஏ.ஜே.டி. ஜான்சிங்கைப் பற்றி இங்கே சொல்லாமல் இருக்க முடியவில்லை. சிறு வயதில் ஜிம் கார்பெட்டின் புத்தகங்களைப் படித்துக் காட்டின் மேல் ஆசை கொண்டு, சிவகாசியில் கல்லூரி ஆசிரியராக இருந்து, பந்திப்பூரில் செந்நாய்களை ஆராய்ந்து, பிறகு டேராடூன் இந்திய வனஉயிரின நிறுவனத்தில் ஒரு தலைமுறை ஆய்வாளர்களை உருவாக்கியவர். 2024 ஜூனில் காலமானார். அவர் கடைசிவரை நடந்தார். களக்காடு மலைகளை நடந்தே அறிந்தவர். இன்று அவர் வழியில் வந்தவர்கள் டேராடூனில் கம்ப்யூட்டர் முன் அமர்ந்து நம் காட்டைப் பார்க்க முடிகிறது. இரண்டும் தேவைதான். ஆனால் நடந்து போனவருக்கு வழியில் யார் குடியிருக்கிறார் என்று பெயரோடு தெரிந்திருக்கும்.

திரும்பி வரும்போது அதே ஒற்றையடிப் பாதைதான். அந்த மரத்துக்குப் பக்கத்தில் வந்ததும் பெரியப்பா வேட்டியை இறக்கிவிட்டுக்கொண்டு, நிமிர்ந்து, கல்யாண வீட்டில் போட்டோவுக்கு நிற்பது போல ஒரு நடை நடந்தார். எனக்குச் சிரிப்பு தாங்கவில்லை. போகும்போது ஒன்று, வரும்போது ஒன்று என்று எங்கள் படம் இப்போது அந்தப் பெட்டியில் இருக்கும். யாராவது ஒருவர், அல்லது ஏதோ ஒரு கம்ப்யூட்டர், அதைப் பார்த்து 'மனிதர், 2' என்று எழுதியிருக்கும்.